குதிரைமலையும் குதிரைமொழியும்

வில்பத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிறுத்தை பார்க்கப் போகிறார்கள். காட்டின் நடுவே ஆங்காங்கே கிடக்கும் 'வில்லு' என்னும் இயற்கைக் குளங்களின் கரையில் ஜீப்பை நிறுத்தி மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். சரித்திரத்தில் நாட்டமுள்ள சிலர் மட்டும் மேற்கே கடலோரம் வரை போய்க் குதிரைமலை முனையில் நிற்பார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வகையினருக்கானது.

புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதியில் வடக்கே 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் எலுவன்குளம் இருக்கிறது. கலா ஓயா அதன் அருகே ஓடி ஒல்லாந்தர் குடாவில் கலக்கிறது. ஆற்றின் மீது தாழ்வான ஒரு சப்பாத்துப் பாலம். மாரியில் வெள்ளம் அதன் மேலேறி ஓடும். அப்போது வீதியும் இல்லை, பயணமும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் காடு. இது ராஜஸ்தானத்துப் பாலைவனம் போன்றதன்று. மழை சில மாதங்களுக்குள் பெய்து ஓய்ந்து, மீதிக் காலம் முழுவதும் வரண்டு கிடக்கும் நிலம். பாலையும் வீரையும் நெருங்கி வளர்ந்த காடு, கடலை அணுக அணுகக் குட்டையாகிப் பற்றையாகிறது. கரடிகள் பாலைப்பழம் தின்ன மரமேறும் பருவத்தில், வன்னிக் காட்டோடு பழகியவர்கள் இந்தப் பக்கம் கவனமாகத்தான் நடப்பார்கள்.

ஒல்லாந்தர் குடாவுக்கு வடக்கே போர்த்துக்கல் குடா. அதன் வடமுனையில் நிலம் சற்றே உயர்ந்து, கடலை நோக்கிச் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. 'மலை' என்ற சொல்லை நம்பிப் போகிறவர் ஏமாறுவார். அதன் உயரம் பனை அளவுதான். ஆனால் நிறம் மனிதரை நிறுத்திவிடும். செம்பு நிறம், காவி, சில இடங்களில் ஊதா சாய்ந்த பழுப்பு. கீழே வெண்மணலும் பச்சைக் கடலும். காலணியில் ஒட்டும் மண் இலேசில் போகாது.

அந்த மண்ணில்தான் முதற் சண்டை தொடங்குகிறது. விஜயனும் அவன் தோழர்களும் கரையிறங்கிக் களைத்துத் தரையில் கையூன்றியபோது கைகள் செம்பு நிறமாயின என்றும், அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் கூறும். கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட நூல் அது. கரையிறங்கிய இடம் எது என்பதற்குப் புத்தளம் முதல் மாந்தை வரை பல ஊர்கள் உரிமை கோருகின்றன. குதிரைமலையின் உரிமைக்கு ஆதாரம் அதன் நிறம் ஒன்றுதான். காட்டினுள் காளி வில்லு அருகே நிற்கும் கற்றூண்களைக் குவேனியின் மாளிகை என்று வழிகாட்டிகள் காட்டுவர். நான் சென்றபோதும் காட்டினார்கள். கற்றூண்கள் இருப்பது உண்மை. குவேனியைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

இதைப் படித்துத் தலையாட்டும் தமிழ் வாசகர்கள் அடுத்ததையும் பொறுமையோடு படிக்க வேண்டும். நம்மவர்களும் இந்த முனையில் ஓர் அரசியைக் குடியேற்றி வைத்திருக்கிறோம். அல்லி அரசாணி இங்கிருந்து ஆண்டாள், முத்தைக் கொடுத்து அரபுக் குதிரைகளை வாங்கினாள் என்பது கர்ணபரம்பரை. முனையில் சிதைந்து கிடக்கும் செங்கல், சாந்துக் கட்டுமானத்தைப் பெருங்குதிரைச் சிலை ஒன்றின் எச்சம் என்று சொல்கிறார்கள். அல்லி கதைப்பாடலின் நாயகி. அந்தப் பாடலில் அவள் ஆள்வது மதுரையை. அத்தோடு நிற்கவில்லை. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூலில், சங்கப் பாடல்களில் வரும் குதிரைமலை இதுவே என்றும், பிட்டங்கொற்றன் முதலிய தலைவர்கள் இதன் அதிபதிகள் என்றும் வாதிட்டார். பேரறிஞர், அவருடைய உழைப்பை நான் மதிப்பவன். ஆயினும் பிட்டங்கொற்றனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் அருவியையும், கானவரையும், பன்றி கிளறிய புனத்தில் தினை விதைப்பதையும் பேசுகின்றன. அவன் சேரனுக்கு உட்பட்ட தலைவன். அருவி விழுவதற்கு இங்கே மலை எங்கே? குறிஞ்சி நிலத்துப் பாட்டை நெய்தல் நிலத்து முனையில் கொண்டுவந்து நட முடியாது. அந்தக் குதிரைமலையைக் கொங்குப் பக்கத்தில் தேடுவோரின் வழக்கே வலுவானது.

இனி உரோமரின் சாட்சியம். இதுதான் இந்த முனையை உலக வரைபடத்தில் ஏற்றியது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் ஆறாம் பாகத்தில் ஒரு கதை இருக்கிறது. செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்கையில் வாடைக்காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேனின், அதாவது இலங்கையின், 'ஹிப்பூரோஸ்' துறையை அடைந்தான். அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவன் மொழி கற்று அரசனின் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். அவனிடமிருந்த உரோமக் காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் உருவங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, இது நேர்மையான நாடு என்று வியந்த அரசன் நான்கு தூதரை உரோமுக்கு அனுப்பினான். தலைமைத் தூதன் பெயர் 'ராக்கியா'.

கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே ஹிப்பூரோஸ் குதிரைமலையே என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1859இல் எமர்சன் டெனன்ட் தமது 'இலங்கை' நூலில் அதை எடுத்தாண்டார். ராக்கியா யார் என்பதில்தான் வேடிக்கை. 'ராஜா'வின் திரிபு என்றனர் சிலர். குதிரைமலைக்குத் தெற்கே குடாக்களுக்கு அப்பாலுள்ள கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 'தமிழ் புளூட்டார்க்' எழுதிப் புகழ்பெற்ற சைமன் காசிச்செட்டி அது 'ஆராச்சி' என்னும் பதவிப் பெயராக இருக்கலாம் என்றார். பிற்காலத்தில் கோட்டை அரசன் புவனேகபாகு லிஸ்பனுக்கு அனுப்பிய தூதுவரும் ஓர் ஆராச்சிதான் என்று சான்றும் காட்டினார். காற்றில் வீசிய ஊகம்தான். ஆனாலும் இனப் பெருமைக்காக வீசியதன்று என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்.

பிளினியின் கதை வெறுங்கதையா? எகிப்தில் செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயிலிருந்து நைல் நதிக்குச் செல்லும் பாலைவனப் பாதையில், வாடி மெனி என்ற பள்ளத்தாக்குப் பாறையில், அன்னியஸ் புளோக்காமஸின் அடிமை லைசாஸ் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் உள்ள அந்தக் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 6. ஆக, குத்தகைக்காரன் உண்மையானவன். பிளினி தூதுக்குழுவைக் கிளாடியஸ் பேரரசன் காலத்தில் (41–54) வைக்கிறார். கல்வெட்டோ ஒரு தலைமுறைக்கு முந்தியது. இரண்டையும் இணைப்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஹிப்பூரோஸ் என்ற சொல் கிரேக்கத்தில் ஒருவகைக் கடல்மீனின் பெயருமாகும் என்பதையும் குதிரைமலைக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். என்றாலும், முத்துப் பாருக்கு அருகே, கப்பல் ஒதுங்கத் தக்க குடாவின் வாயில் நிற்கும் முனைக்கு இந்த வழக்கு முற்றிலும் பொருந்தாததன்று. எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இருந்தால் 'நிரூபிக்கப்படவில்லை, தள்ளுபடியும் இல்லை' என்று எழுதுவேன்.

குதிரைமலையில் நின்றபோது எனக்கு ரோமாபுரி நினைவுக்கு வரவில்லை. மன்னார்க் குடாவின் எதிர்க்கரையில், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே கிடக்கும் செம்மணல் காடுதான் நினைவுக்கு வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தார் அதைத் தேரி என்பர். தமிழ்நாட்டுக்குள் பாலைவனம் என்று சொல்லத் தக்க நிலம் அது. ஆடிக்காற்று மணலை அள்ளி மேடுகளை இடம் மாற்றும். மேட்டின் மேல் ஏறி நின்றால் சிவப்புக்கு நடுவே பனையும் உடையும் மட்டுமே தெரியும். அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலருகே மட்டும் ஈரம். அந்தத் தேரியின் பெயர் குதிரைமொழித் தேரி.

இந்தக் கரையில் குதிரைமலை, அந்தக் கரையில் குதிரைமொழி. இங்கே தம்பபண்ணி, அங்கே தாமிரபரணி. இரு கரையிலும் மணற்பருக்கைகளின் மேல் இரும்புத் துரு பூசிய செம்மண். இரு கரையிலும் அந்த மண்ணில் ஆதி மனிதனின் நுண்கற்கருவிகள். திருநெல்வேலித் தேரிகளில் கிடைத்தவற்றைப் பற்றிச் சொய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினர். இலங்கையின் வடமேற்குச் செம்மண் படிவுகளை ஆய்வாளர்கள் 'இரணைமடுப் படிவு' என்று அழைக்கின்றனர். குதிரைப் பெயர்களின் ஒற்றுமை தற்செயலாகவே இருக்கலாம். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிக் கரையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறங்கியதையும், பராமரிப்புத் தெரியாமல் அவை மடிந்ததையும் எழுதினார். முத்து விளைந்த கரைக்குக் குதிரையின் பெயர் அமைவதில் வியப்பில்லை என்பதற்கு மேல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

பெயர்களை விடப் பெரிய சான்று தாழிகள். எலுவன்குளத்திலிருந்து குதிரைமலைக்குப் போகும் பக்கத்தில், காட்டினுள் பொன்பரப்பி இருக்கிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொம்பரிப்பு. அங்கே நிலத்துக்கடியில் ஆயிரக்கணக்கான ஈமத்தாழிகள். 1920களில் தொல்லியல் ஆணையர் ஹோகார்ட் அகழ்ந்தார். 1950களில் மீண்டும் அகழ்ந்தார்கள். 1970இல் விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு வந்தது. தாழிக்குள் சேகரித்து வைத்த எலும்புகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள். ஒரு தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டவர். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூரோடு இதை ஒப்பிடாத ஆய்வாளர் இல்லை. வேறுபாடுகளும் உண்டு, ஆதிச்சநல்லூரின் உலோகச் செல்வம் இங்கே இல்லை. ஆனால் இறந்தோரை அடக்கம் செய்யும் எண்ணம் இரு கரையிலும் ஒன்று.

தாழிக்குள் இருந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள்? எலும்பு பேசாது. 'அவர்கள் தமிழர்' என்று மேடையில் முழங்குவதும், 'விஜயனுக்கு முன் இங்கே இயக்கர் மட்டுமே' என்று பாடநூலில் எழுதுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். கடல் அவர்களைப் பிரிக்கவில்லை என்பதை மட்டும் தாழிகள் ஐயமின்றிச் சொல்கின்றன. ஒரு நாட்டின் தொடக்கக் கதையை அந்தச் செம்மண்ணில் தேடுகிறவர்கள் கொஞ்ச தூரம் உள்ளே வந்து இந்த ஈமக்காட்டையும் பார்த்திருக்கலாம். காட்சிமுனையில் நிழற்படம் எடுக்கும் அளவுக்கு இங்கே எவரும் நிற்பதில்லை. பார்க்க அழகாக ஒன்றுமில்லை.

முத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்குரியது. 1905இல் குதிரைமலைக்கு வடக்கே மறிச்சுக்கட்டியில் ஆங்கில அரசு நடத்திய முத்துக்குளிப்பு இலட்சக்கணக்கான ரூபாய் இலாபம் ஈட்டியது. வெறுங்காட்டில் ஒரு நகரமே முளைத்தது. கீழக்கரை முஸ்லிம்களும், தமிழ்ச் சுழியோடிகளும், பாரசீகக் குடா அரபிகளும் அங்கே கூடினர். அடுத்த ஆண்டு அந்த முகாமில் பணியாற்றிய இளம் அதிகாரிகளுள் ஒருவர், பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். கடைசி முத்துக்குளிப்பு 1925இல்.

காடு அரசின் காவலுக்குள் வந்தது 1905இல் சரணாலயமாக. 1938இல் தேசிய பூங்காவானது. 1960களிலும் 70களிலும் எல்லை மேலும் விரிந்தது. பூக்குளம் போன்ற மீனவர் குடியிருப்புகளும் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயிலும் மனிதர் இங்கே வாழ்ந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சிகள். 1980களின் பிற்பகுதியில் போர் பூங்காவை மூடியது. 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே கண்ணிவெடியில் எழுவர் இறந்தனர்; 'ஆனையிறவிலிருந்து ஒரு பாதை' என்ற பொருள்படும் ஆங்கில நாவலை எழுதிய நிகால் டி சில்வா அவர்களுள் ஒருவர். போர் முடிந்து 2010இல்தான் மீண்டும் திறந்தது.

குதிரைமலைக்குப் போகும் யாரும் எழுதாத இன்னொரு கதை எலுவன்குளம் வீதியில் இருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் பக்கத்து மக்கள் படகேறிக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் ஒதுங்கினர். மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி என்று குதிரைமலைக்கு வடக்கே அடுத்தடுத்திருந்த ஊர்களின் மக்கள் ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டு கழித்தனர். தமிழ் எழுத்துலகம் நீண்ட காலம் அதைப் பற்றிப் பேசத் தயங்கியது. என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். போர் முடிந்து திரும்பியபோது அவர்களின் பழைய காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் அதில் பெரும்பகுதி வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காட்டை அழிக்கிறார்கள் என்று தெற்கில் குரல் எழுந்தது. எங்கள் ஊருக்குத் திரும்புகிறோம் என்று இவர்கள் சொன்னார்கள். பூங்காவை ஊடறுக்கும் புத்தளம்–மன்னார் வீதியைத் திறப்பதை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் 2010இல் உயர் நீதிமன்றம் சென்றன. யானைக்கும் சிறுத்தைக்கும் அமைதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. புத்தளத்துக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி இதுதான் என்பதையும் மறுக்க முடியாது. இந்த வீதி இல்லையேல் மதவாச்சியைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எலுவன்குளத்துத் தேநீர்க் கடையில், மறிச்சுக்கட்டியில் பிறந்த முதியவர் ஒருவரிடம் குதிரைமலை பற்றிக் கேட்டேன். விஜயனையும் அல்லியையும் அவர் சொல்லவில்லை. "படகிலே வரக்குள்ள கரை சிவப்பாத் தெரியும். அதைத் தாண்டினாக் கற்பிட்டி கிட்ட எண்டு வாப்பா சொன்னார்" என்றார்.