ஒரு முள்மரமும் அதன் ஐந்து அடைமொழிகளும்

ஒரே மரத்திற்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களைச் சென்ற மாதம் ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்தேன். தமிழில் சீமைக் கருவேலம். தெலுங்கில் சர்க்கார் தும்மா. கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. இந்தியில் விலாயதி கீகர் அல்லது விலாயதி பபூல். ராஜஸ்தானத்தில் அங்ரேஜி பபூல் என்றும் சொல்வர். குஜராத்தியில் காண்டோ பாவள். கருவேலம், தும்மா, ஜாலி, கீகர், பாவள் ஆகியவை கருவேலத்தையும் அதன் இனத்து முள்மரங்களையும் குறிக்கும் பழைய சொற்கள். புதிதாக வந்த மரத்தைப் பழைய பெயரோடு சேர்த்துக்கொண்டு, முன்னால் ஓர் அடைமொழியை மட்டும் வைத்திருக்கிறார்கள். மொழிக்கு மொழி மாறுவது அந்த அடைமொழிதான்.

அயல் உயிரினங்கள் குறித்த தரவுத்தொகுப்புகளில் அறிவியல் பெயர், தாயகம், நுழைந்த ஆண்டு, பரவிய பரப்பு, விளைவு ஆகியன முதலில் வரும். வட்டாரப் பெயருக்கான கட்டம் பெரும்பாலும் கடைசியில் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அந்தக் கட்டத்தையும் வரலாற்றுச் சான்றாக வாசிக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவின் தாயகம் மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள். இந்தியாவில் அதன் நுழைவுக்குத் தெளிவான ஆவணம் இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த தாவரவியலாளர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம், வறண்ட மாவட்டங்களில் விறகுக்காக வளர்க்கலாம் என்று கருதி 1876-இல் இதன் விதைகளைக் கோரினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877-இல் கடப்பை மாவட்டத்தின் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. அவை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் உலுக்கிய ஆண்டுகள் என்பதையும், கடப்பையும் பள்ளாரியும் அப்பஞ்சத்தால் மிகக் கடுமையாகத் தாக்குண்டவை என்பதையும் மறக்கலாகாது. அன்றைய சூழலில் வறட்சியைத் தாங்கி, வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் ஒரு கொடையாகவே தோன்றியிருக்கும்.

இனி பெயர்களுக்கு வருவோம். கன்னட வழக்கு மரத்திற்குப் பள்ளாரி என்ற ஊரை அடையாக வைத்தது. பள்ளாரி, மரம் முதலில் ஊன்றப்பட்ட கடப்பைக்கு அண்டைப் பகுதி. அன்று இரண்டுமே சென்னை மாகாணத்தில் இருந்தன. மைசூர்ப் பக்கத்துக் கன்னடருக்கு இம்மரம் கிழக்கிலிருந்து, பள்ளாரி வழியாக வந்து சேர்ந்தது என்று இப்பெயரிலிருந்து ஊகிக்கலாம். ஆவணம் சொல்லும் திசையோடு அது பொருந்துகிறது. தெலுங்கு வழக்கு யார் நட்டார்கள் என்பதைப் பதிவு செய்தது: சர்க்கார். தமிழும் இந்தியும் சொன்னது ஒன்றே. எல்லை என்ற பொருளிலிருந்து நாடு என்ற பொருளுக்கு வந்து, பின் இங்கிலாந்தைச் சுட்டியது நம் 'சீமை'. ஆட்சிப்பகுதி என்ற பொருளில் தொடங்கி அதே இங்கிலாந்தைச் சுட்ட வந்தது அரபு வேர்கொண்ட 'விலாயத்'. தொடர்பற்ற இரு சொற்கள் ஒரே அரசியல் சூழலில் ஒரே பாதையில் பொருள் மாறியிருக்கின்றன. மரமோ இங்கிலாந்தைச் சேர்ந்ததன்று. கப்பலில் கொண்டுவந்தவனின் ஊரே மரத்தின் ஊராகிவிட்டது.

குஜராத்தி மட்டும் தனித்து நிற்கிறது. 'காண்டோ' என்றால் பைத்தியம் பிடித்தது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை அச்சொல் கூறுகிறது.

அப்பெயரின் பின்னணியை அறியக் கட்ச் மாவட்டத்தின் பன்னிப் புல்வெளிக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். மால்தாரி மேய்ச்சல் சமூகங்களின் நிலம். புல்வெளியாக இருந்தும் 1955-இல் அது பாதுகாக்கப்பட்ட காடு என அறிவிக்கப்பட்டது. ரண் உப்புநிலம் முன்னேறி வருவதைத் தடுக்கவென்று, 1960-61 காலத்தில் வனத்துறை ஏறக்குறைய 31,500 ஹெக்டேரில் இம்மரத்தை நட்டது. காய்களைக் கால்நடைகள் விரும்பித் தின்றன; விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, உரமும் ஈரமும் கூடிய இடத்தில் முளைத்தன. மேய்ச்சல் நடந்த இடமெல்லாம் மரமும் நடந்தது. 1980-களின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்குச் சராசரியாக 25 சதுர கிலோமீட்டர் என்ற வேகத்தைக் கணக்கிட்டனர். முன்பு காங்ரேஜ் மாடுகளை வளர்த்த மால்தாரிகள் பலர் எருமைக்கு மாறினர். காய்களை மிகுதியாகத் தின்ற மாடுகள் செரிமானக் கோளாறால் மடிந்தது அதற்கொரு காரணம். புதர் மண்டிய நிலத்தை எருமை தாங்கியது. அந்தப் பன்னி எருமை 2010-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது என்பது இக்கதையின் எதிர்பாராத கிளை.

குற்றத்தை முழுவதும் மரத்தின் தலையில் சுமத்துவதும் சரியன்று. பன்னிக்கு நன்னீர் கொண்டுவந்த ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன; உப்பு ஏறியது. உப்பைத் தாங்காத புல் பின்வாங்கிய இடத்தில் உப்பைத் தாங்கும் மரம் நுழைந்தது. இன்று கரி சுடுதல் பல குடும்பங்களுக்கு வருமானம். மரத்தை வேரோடு அகற்றுக என்று சொல்வது அங்கே எளிய வாக்கியமன்று.

பன்னிக்கு வடகிழக்கே ஜோத்பூரில் நிலைமை வேறாக இருந்தது. அச்சமஸ்தானம் 1940-இல் இதை அரச மரமாக, அதாவது அரசின் மரமாக, அறிவித்து நட்டுக் காக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. (நம் அரசமரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதே தார்ப் பாலையில் நூற்றாண்டுகளாகப் போற்றப்படும் கேஜ்ரி மரமும் புரோசோபிஸ் பேரினமே, தமிழில் வன்னி, கன்னடத்தில் பன்னி. புல்வெளியின் பெயரோடு இது ஒலிப்பது தற்செயல். சொற்பிறப்பு தேடிப் புறப்பட வேண்டாம். நான் வியப்பது வேறொன்று. தாவரவியலர் இவ்விரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்த காலத்திலும், எந்த மொழியும் வந்தேறி மரத்தைச் 'சீமை வன்னி' என்றோ 'விலாயதி கேஜ்ரி' என்றோ பரவலாக அழைக்கவில்லை. 2022-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு அப்பேரினத்தைப் பிரித்தது: வன்னி புரோசோபிஸிலேயே தங்கியது, சீமைக் கருவேலம் நெல்டூமா ஆகிவிட்டது. பேச்சுவழக்கு மரபணுவை அறிந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை. கருவேலத்தோடு சேர்த்ததும் தாவரவியல்படி பிழையே. ஆனால் வன்னியின் நிழலில் புல்லும் பயிரும் வளரக் கண்டவர்கள் இரண்டையும் ஒரு பெயரில் அடைக்காததற்கு, அந்த வேறுபாட்டை நாள்தோறும் பார்த்ததே காரணமாக இருக்கலாம்.

பன்னியைப் பற்றிய செயற்கைக்கோள் வரைபடங்கள் மரம் நடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே தொடங்குகின்றன. இடைப்பட்ட காலத்திற்கு மேய்ப்பர்களின் நினைவும் அவர்கள் வைத்த பெயரும் முதன்மையான சான்றுகள். 'காண்டோ பாவள்' என்ற வழக்கு அச்சில் ஏறிய பழைய குஜராத்தி நூலையோ இதழையோ கண்டவர்கள், அல்லது கச்சி மொழியில் வேறு பெயர் கேட்டவர்கள், ஊரும் ஆண்டும் குறித்துக் கீழே எழுதுங்கள். அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் திறந்து வைத்திருக்கிறேன்.