தரங்கம்பாடிப் பேழைகள்

பாடம் செய்த வண்ணத்துப்பூச்சிகளின் தமிழக வரலாற்றில், நம் வட்டாரத்தைத் தொட்டோடும் காவிரி கடல்புகும் பூம்புகாருக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடிக்குத் தனியிடம் உண்டு.

டேனியர் குடியேற்றமாயிருந்த அவ்வூருக்கு 1768-இல் மருத்துவராக வந்தவர் யொகான் கேர்ஹார்ட் கோனிக். லின்னேயசின் மாணாக்கராகிய அவர், செடிகொடிகளோடு பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதே ஆசிரியரிடம் பயின்ற ஃபாப்ரீசியஸ், அப்பூச்சிகள் பலவற்றுக்கு அறிவியற்பெயர் சூட்டினார். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற ‘தமிழ் மறவன்’ இனத்துக்கு 1787-இல் அறிவியற்பெயர் இட்டவரும் அவரே.

ஓர் உயிரைக் கொன்று ஊசியில் நிறுத்துதல் அறமாகுமா? கண்ட இடமும் நாளும் பொறித்த சீட்டு உடனிருப்பின் அவ்வுடல் சான்றாகும். அஃதின்றேல் சுவரை அழகுசெய்யும் பொருளே. விலைக்கு வரும் கண்ணாடிப் பேழைகளில் பெரும்பாலும் அச்சீட்டைக் காண இயலாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிட்ட இனங்களைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. ஆய்வாளரும் அனுமதி பெறல் வேண்டும். அவ்வினங்களாயின், இறந்து கிடக்கும் உடலும் அரசின் உடைமையே.

கோனிக் காலத்தில் பெரும்பாலும் உடலைக் கொணர்ந்தே இனத்தை மெய்ப்பித்தனர். இன்று பல இனங்களுக்கு நிழற்படமே போதுமானது. ஏரியூர்க் கவிஞர்கள் தாம் பாடும் வண்ணத்துப்பூச்சியின் பெயரையும் கண்ட ஊரையும் நாளையும் குறித்துவைப்பின், அதுவே நம் வட்டம் திரட்டும் நல்ல தொகுப்பாகும்.