கை கழுவிய வரலாறு

தமிழில் 'கை கழுவி விட்டார்கள்' என்றால் ஒருவரை அம்போவென்று விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். 'எங்க வீட்ல கை நனைக்காமப் போகக்கூடாது' என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அர்த்தம். கவனித்தீர்களா? சாப்பாட்டோடு சேர்ந்து வருவது கை 'நனைப்பது'தான், கழுவுவது இல்லை. சாப்பிடுவதற்கு முன் விரல் நுனியில் கொஞ்சம் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அது எச்சில் கை ஆகிவிடுகிறது, உடனே எழுந்து போய் நன்றாகத் தேய்த்துக் கழுவுவோம். கிருமியின் கணக்கோ நேர் எதிர். முன்னால்தான் சோப்பு வேண்டும்.

இதை ஏதோ தமிழர்களின் குறை என்று நினைக்க வேண்டாம். நான் இருக்கும் புனேயிலும் இதேதான், வடக்கே போனாலும் இதேதான். 'தீட்டு' என்பதும் 'அழுக்கு' என்பதும் 'கிருமி' என்பதும் மூன்று தனித்தனி விஷயங்கள். நம் நாட்டில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்ததில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்த வரலாறே இருக்கிறது. அதில் பாதி இந்த மராட்டிய மண்ணைச் சுற்றியே நடந்திருக்கிறது. இங்கே குடியேறி, நம் பிள்ளைகளை இந்த ஊர்ப் பள்ளிகளில் படிக்க வைக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சோப்பு கப்பலில் வந்தது

அதற்கு முன்பு நம்மிடம் சுத்தம் செய்யும் பொருள் இல்லாமல் இல்லை. சாம்பல், மண், சீயக்காய், அரப்பு எல்லாம் இருந்தன. கடையில் விற்கும் இங்கிலாந்து சோப்புக் கட்டி 1888ல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. லீவர் பிரதர்ஸின் சன்லைட். அதே கம்பெனியின் சிவப்பு லைஃபாய் 1895ல் பம்பாய்க்கு வந்தது. 'கிருமியைக் கொல்லும்' என்று சொல்லியே விற்கப்பட்ட சோப்பு அது.

அது வந்த மறுவருடம், 1896ல், பம்பாயில் பிளேக் பரவியது. அங்கிருந்து புனே. பிளேக் எலித் தெள்ளால் வருவது, கை கழுவுவதால் நிற்காது. ஆனால் 'சுகாதாரம்' என்ற வார்த்தையை நம் ஜனங்கள் பெரிய அளவில் கேட்டது அப்போதுதான். அது எப்படி வந்தது என்று பாருங்கள். 1897ல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். புனேயில் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். சமையலறை, பூஜையறை எதுவும் மிச்சமில்லை. ஆட்களை இழுத்துப் போனார்கள், சாமான்களை வெளியே போட்டார்கள். அந்த ஜூன் 22ஆம் தேதி இரவு கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள்.

சுத்தத்தை மிரட்டிக் கற்றுக்கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? அதற்குப் பிறகு பல காலம், சுகாதாரம் என்றால் யாரோ மேலே இருப்பவன் வந்து நம்மை அதட்டுவது என்றுதான் ஜனங்கள் மனதில் பதிந்தது.

குழாயைத் தொடக்கூடாத பையன்

ஏறக்குறைய அதே காலத்தில், புனேக்குத் தெற்கே சாத்தாராவில் ஒரு பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து சாக்குத் துணி எடுத்துப்போய் அதில்தான் தனியாக உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் மற்றப் பிள்ளைகள் போய்க் குழாயைத் திறந்து குடிக்கலாம். அவன் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது. அந்தப் பையன் அம்பேத்கர். பிற்பாடு தன் கையாலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

குடிக்கவே சேவகர் வந்து குழாய் திறக்க வேண்டுமென்றால், கை கழுவுவதற்கு யாரைப் போய்க் கூப்பிடுவது? 'சாப்பிடும் முன் கை கழுவு' என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிடுவது சுலபம். எழுதியவர் மனதில் எந்தப் பையன் இருந்தான் என்பதுதான் கேள்வி.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துக்கொண்டு மஹாடில் உள்ள சவ்தார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். புனேயிலிருந்து மலையிறங்கிக் கொங்கண் பக்கம் போனால் அந்த ஊர் வரும். சட்டப்படி நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் என்று 1924லேயே திறந்துவிட்டிருந்தது. ஆனாலும் அன்று அடிதடி நடந்தது. அதன்பிறகு மற்றவர்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தப்படுத்தினார்கள்'. எதைக் கொண்டு? பசுஞ்சாணமும் கோமியமும் ஊற்றி! குடிக்கிற தண்ணீரில் சாணத்தைக் கலந்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். தீட்டும் கிருமியும் வேறு வேறு என்பதற்கு நான் படித்த வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒற்றைப் புடவை

நடுவில் 1917க்குப் போய்விட்டு வருவோம். பீகாரின் சம்பாரண். அவுரி விவசாயிகளுக்காகப் போராடப் போன காந்தி, கிராமங்களின் நிலையைப் பார்த்துவிட்டு அங்கே பள்ளிக்கூடங்கள் திறந்தார். முதல் பள்ளி 1917 நவம்பரில். பம்பாயிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆண்களும் பெண்களும் வந்து வாத்தியார் வேலை பார்த்தார்கள். பெண்களில் பலருக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. எழுத்தும் கணக்கும் ஒருபுறம் இருக்கட்டும், முதலில் சுத்தமாக இருக்கவும் நல்ல பழக்கத்துக்கும் கற்றுக்கொடுங்கள், அதற்கு பாஷை அவ்வளவு தேவையில்லை என்று அவர்களிடம் சொன்னாராம்.

இங்கே புனேயிலிருந்தும் ஒரு டாக்டர் போனார். கோகலே ஆரம்பித்த இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தேவ். கையில் மூன்றே மருந்து. விளக்கெண்ணெய், கொய்னா, சொறிசிரங்குக்குக் கந்தகக் களிம்பு. தெருவைப் பெருக்கினார்கள், கிணற்றைத் தூர்வாரினார்கள், கிணற்றடிக் குட்டைகளை மூடினார்கள்.

பள்ளி இருந்த பீதிஹர்வா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சில பெண்கள் ரொம்ப அழுக்கான துணியோடு இருப்பதைக் காந்தி பார்த்தார். ஏன் துவைப்பதில்லை என்று கேட்கும்படி கஸ்தூர்பாவிடம் சொன்னார். அவர் போய்க் கேட்டார். அந்தப் பெண்களில் ஒருத்தி கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டினாள். உள்ளே பெட்டியும் இல்லை, மாற்றுத் துணியும் இல்லை. உடம்பில் இருக்கும் இந்த ஒரே புடவையை எப்படி அவிழ்த்துத் துவைப்பேன் என்று கேட்டாள். காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் சம்பவம் இது.

சுகாதாரப் பிரசாரம் செய்யும் எவரும் இந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்ப வேண்டும் என்பேன். 'இவர்களுக்கு அறிவில்லை' என்பது வெளியூரிலிருந்து வருகிறவன் போடும் கணக்கு. மாற்றுப் புடவை இல்லை என்பது உள்ளூர் கணக்கு.

இன்னொரு விஷயம். அந்தப் பள்ளிக்கூடத்தை யாரோ ஒரு இரவில் கொளுத்திவிட்டார்கள். மூங்கிலும் புல்லும் வைத்துக் கட்டியது, எரிந்து போயிற்று. பொறுப்பில் இருந்த சோமன் என்பவர் அசரவில்லை. திரும்ப எரியாதபடி செங்கல்லில் கட்டிவிட்டார்!

சேவாகிராமத்தில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர்

சம்பாரண் பாடம் இருபது வருடம் கழித்து வார்தாவில் ஒரு கல்வித் திட்டமாக மாறியது. 1937 அக்டோபரில் அங்கே நடந்த மாநாட்டில் பிறந்ததுதான் ஆதாரக் கல்வி, 'நயீ தாலீம்'. அதைச் சேவாகிராமத்தில் நடத்தியவர் யாரென்று நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம், கூடவே அவர் மனைவி ஆஷாதேவி. தாகூரின் சாந்திநிகேதனில் இருந்துவிட்டு வந்தவர்கள்.

அந்தப் பள்ளியில் சுத்தம் என்பது பாடத்தில் ஒரு அத்தியாயமாக இல்லை, அன்றாட வேலையாக இருந்தது. கக்கூஸ் உட்பட எல்லாவற்றையும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்தே சுத்தம் செய்தார்கள். 'அது இன்ன சாதிக்காரன் வேலை' என்ற எண்ணத்தின் வேரையே பிடுங்கும் முயற்சி. நாடு முழுக்க அந்தத் திட்டம் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் பழக்கம் என்பது கேட்டு வருவதில்லை, தினம் செய்து வருவது என்பதை அவர்கள் பிடித்துவிட்டார்கள்.

கேரளத்தில் ஒரு சண்டை, கராச்சியில் ஒரு விடை

2002ல் உலக வங்கி, யுனிசெஃப், சோப்புக் கம்பெனி எல்லாம் சேர்ந்து சோப்பு போட்டுக் கை கழுவும் பிரசாரத்தைக் கேரளத்தில் தொடங்கப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 'தினமும் குளிக்கிற, படித்த ஜனங்களுக்கு வெளிநாட்டுக் கம்பெனி வந்து சுத்தம் சொல்லித்தர வேண்டுமா? முதலில் நல்ல தண்ணீர் கொடு' என்றார்கள். வந்தனா சிவா போன்றவர்கள் இது உயிர் காக்கும் திட்டமில்லை, சோப்பு விற்கும் திட்டம் என்று எழுதினார்கள். திட்டம் நினைத்தபடி நகரவில்லை.

யார் சொன்னது சரி? விடை கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்தது. அங்கே வீடுகளுக்கு சோப்பு கொடுத்து, வாராவாரம் ஆள் போய்ப் பேசி நடத்திய ஆய்வு 2005ல் லான்செட் இதழில் வெளியானது. சோப்பு கிடைத்த வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. ஆக, சோப்பு வேண்டும் என்றவர்கள் சொன்னது சரி.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. கிருமிநாசினி கலந்த சோப்பு, சாதாரண சோப்பு இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை! ஆக, விளம்பரத்தைச் சந்தேகப்பட்டவர்கள் சொன்னதும் சரி. டிவியில் பூதக்கண்ணாடிக்குள் நெளியும் புழுவைப் பார்த்து நாம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. இலவச சோப்பும் வாராந்திர வருகையும் நின்று, பிறகு அதே வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது, கை தேய்க்கும் பழக்கம் ஓரளவு மிஞ்சியிருந்தது. ஆனால் சோப்பு வாங்குவது மற்ற வீடுகளைவிட அதிகமாக இல்லை, வயிற்றுப்போக்கும் குறைவாக இல்லை. கஸ்தூர்பாவிடம் அந்தப் பெண் கேட்ட கேள்வி மறுபடியும்.

200 பிள்ளைகள், ஒரு குழாய்

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போடச் சொல்லி உத்தரவிட்டது. நமக்கு இது புதிதில்லை, காமராஜர் 1956லும் எம்.ஜி.ஆர் 1982லும் செய்ததுதான். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையால் சாப்பிட உட்கார்ந்தார்கள். கை கழுவக் கற்றுத்தர இதைவிட நல்ல நேரம் உண்டா?

இப்போது நம் ஆபீஸ் புத்தியில் ஒரு கணக்குப் போடுவோம். பள்ளியில் 200 பிள்ளைகள், ஒரு குழாய். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் 100 நிமிடம். சாப்பாட்டு மணியோ 40 நிமிடம். பிள்ளைகள் ஏன் விரலை மட்டும் நனைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? நம் மீட்டிங்குகளில் இதை பாட்டில்நெக் என்போம். பத்துக் குழாய் இருந்தால் பத்தே நிமிடம். ஒரு நீளக் குழாயில் வரிசையாகத் துளை போட்டுத் தொட்டியோடு இணைத்தாலும் போதும். சோப்பை வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் தொலையாது, சீக்கிரம் கரையாது. ஜிம்பாப்வேயில் பிறந்த 'டிப்பி டேப்' என்று ஒன்று உண்டு. கயிற்றில் தொங்கும் கேன், காலால் மிதித்தால் சாயும், தண்ணீர் வரும். குழாயே இல்லாத ஊருக்கு அதுவே போதும்.

2008 அக்டோபர் 15 அன்று முதல் உலகக் கை கழுவும் தினம் கொண்டாடினார்கள். இங்கே சச்சின் டெண்டுல்கரே வந்து சொன்னார். 2014ல் அதே நாளில் மத்தியப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை கழுவி கின்னஸ் சாதனை படைத்தார்கள். சந்தோஷம். ஆனால் மறுநாள் 16ஆம் தேதி அந்தக் குழாயடிகளில் சோப்பு இருந்ததா என்பதை எழுத கின்னஸில் பக்கம் கிடையாது.

2020ல் கொரோனா வந்தபோது நாடே 20 விநாடி கை கழுவக் கற்றது. அந்த அக்டோபரில்தான் எல்லாப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய்த் தண்ணீர் கொடுப்போம் என்று மத்திய அரசு 100 நாள் இயக்கம் தொடங்கியது. நூற்றுச் சொச்சம் வருடப் பிரசாரத்துக்குப் பிறகு, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீர் இருக்கிறதா?

ஆகவே மக்களே, அடுத்த முறை பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை குழாய், சோப்பு இருக்கிறதா, சாப்பாட்டுக்கு முன் அதற்கென்று பத்து நிமிடம் விடுகிறார்களா என்று கேளுங்கள். ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தையும் ஒரு நடை பாருங்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து அலங்கார வளைவு கட்டுவதைவிடப் பத்துக் குழாய் போடுவது செலவும் குறைவு, புண்ணியமும் அதிகம். முக்கியமாக, அந்தக் குழாயை எந்தப் பிள்ளையும் யாரையும் கேட்காமல் தொட்டுத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கொசுறு: வீட்டில் பிள்ளையைக் கழுவச் சொல்லும் முன், டிபன் தட்டோடு டிவி முன்னால் உட்காரும் அப்பாவின் கையையும் ஒருமுறை பார்க்கவும். பிள்ளைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால்தான் அதிகம் கற்கிறார்கள். :-)