காபி மலையும் குளிர்காய்ச்சலும்

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நிற்கிறதே காபி, அதன் கதை 1820களில் தொடங்குகிறது. சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்கு அதைக் கொண்டுவந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் இலங்கையின் கண்டிச் சீமையிலும் காபி பெருகியது. சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள் அங்கே கூட்டிப்போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடை. வழியிலேயே காலராவும் குளிர்காய்ச்சலும் பலரை வாரிக்கொண்டன.

கர்ப்பிணிகளிடம் அந்தக் குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, மூர்க்கம் அதிகம்.

காரணத்துக்கான ஒரு தடயம் பனாமாவில் கிடைத்தது. தாயின் விரலில் குத்தி எடுத்த துளியில் மலேரியாக் கிருமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே தாயின் நஞ்சுக்கொடி ரத்தத்தில் அது மொய்த்துக் கிடக்கும். 1915ல் மருத்துவர் எச்.சி. கிளார்க் இதை எழுதினார்.

1934ல் இலங்கையில் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அனாபிலிஸ் கொசு பெருகியது. உயரத்துத் தோட்டங்களைவிடக் கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களே அதிகம் அடிபட்டன. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கொழும்பு மகப்பேறு மருத்துவர் ஜி.ஏ.டபிள்யூ. விக்கிரமசூரிய, கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் ரத்தத்துக்குப் போவதை 1935ல் ஆராய்ந்து எழுதினார். 1937ல் அவர் வெளியிட்ட நூல் மலேரியாவோடு, தோட்டத் தொழிலாளரை வாட்டிய கொக்கிப்புழுவையும் சேர்த்துப் பேசியது.

கிருமி தாண்டாதபோதும் குழந்தை ஏன் எடை குறைந்து பிறக்கிறது என்ற கேள்வி மிஞ்சியது. கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் பற்றி ஒட்டிக்கொள்கின்றன என்று 1996ல் ஆய்வாளர்கள் ஃப்ரீடும் டஃபியும் காட்டினார்கள். அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் திரள்கின்றன, அழற்சி மூள்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களையும் குளுக்கோஸையும் பிள்ளைக்குக் கடத்தும் புரதங்கள் மந்தமாகின்றன. தாய் வயிறாரச் சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. பிரசவத்துக்குப் பின் பார்த்தால், கிருமி விட்டுச்சென்ற நிறமி படிந்து நஞ்சுக்கொடி கறுத்திருப்பதும் உண்டு.

மலையோ சமவெளியோ, கர்ப்பிணிக்குக் குளிரோடு காய்ச்சல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதல் முறை கிருமி தெரியாமல் காய்ச்சல் நீடித்தால், மறுபடியும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.