கைகுலுக்கிய இயந்திரம்

2012 பிப்ரவரியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தளபதி டேன் பர்பேங்க் ஓர் இயந்திரத்தின் கையைப் பற்றிக் குலுக்கினார். விண்வெளியில் மனிதனும் மனித உருவ ரோபோவும் கைகுலுக்கியது அதுவே முதல் முறை.

ரோபோநாட் 2 என்ற அந்த ரோபோவுக்கு அப்போது தலை, உடல், இரு கைகள் மட்டுமே இருந்தன, கால்கள் இல்லை. எடை ஏறக்குறைய 150 கிலோ. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி இது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கைகோத்தது. 2011 பிப்ரவரி 24 அன்று, டிஸ்கவரி விண்ணோடத்தின் கடைசிப் பயணத்தில் அது மேலே போனது.

மனித உருவம் எதற்கு? காரணம் விரல்களில் இருக்கிறது. நிலையத்தின் பிடிகம்பிகள், பொத்தான்கள், கருவிகள் எல்லாமே மனிதக் கைக்கென்று செய்யப்பட்டவை. ரோபோவுக்காக அவற்றை மாற்றுவதைவிட, அவற்றைப் பிடிக்கத் தெரிந்த கையைச் செய்வதே மேல் என்று பொறியாளர்கள் கருதினார்கள். தசைநாண்போல் இழுபடும் கம்பிகள் அந்த விரல்களை மடக்கின. அழகான யோசனை!

கிடைத்த வேலை எளியதுதான்: காற்றுத் துவாரங்களின் முன் காற்றோட்டம் அளக்கும் கருவியை ஆடாமல் பிடிப்பது. மூச்சுக்காற்று எந்நேரமும் சுழல வேண்டிய இடத்தில் அந்தச் சலிப்பான வேலைக்கு மதிப்பு அதிகம்.

2014-இல் அதற்குக் கால்கள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் மின்கோளாறு தொடர்ந்தது. 2018-இல் டிராகன் விண்கலம் ரோபோவைப் பழுதுபார்க்கப் பூமிக்குக் கொண்டுவந்தது.