கசிந்த கலம்

பிளஸ் டூவில் ஆல்கீன் பாடத்தை மனப்பாடம் செய்துதான் தேறினேன். இந்தப் பக்கம் எத்திலீன், நடுவே ஓர் அம்புக்குறி, அதன் தலைக்கு மேல் 'வெப்பம், அழுத்தம்', அந்தப் பக்கம் பாலித்தீன். முடிஞ்சது. அந்த அம்புக்குறியைத் தாண்டித் தொழிற்சாலை வரை போய்ச் சேர ஆறு வருஷம் ஆனது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

1933 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் ஓர் எஃகுக் கலத்தில் அடைத்தார்கள். 170 டிகிரி வெப்பம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 1,900 மடங்கு அழுத்தம். இரண்டு பொருளும் ஒன்றோடொன்று சேரும் என்பது கணக்கு. சேரவில்லை. திங்கட்கிழமை திறந்து பார்த்தால், உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பச் செய்தார்கள். அதே மாதிரி வரவில்லை. எத்திலீன் சிதைந்து கலம் வெடித்ததுதான் மிச்சம். வேலை நின்றுபோனது.

ஏன் இந்த வீம்பு? எத்திலீனின் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு. ஒன்று கெட்டி, இன்னொன்று கொஞ்சம் இளகல். இதற்குப் பை பிணைப்பு என்று பெயர். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் ஒரு தனி உறுப்பு வந்து மோதினால் பை பிணைப்பு அவிழும். அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் வந்தவனோடு கைகோத்துக்கொள்ளும், மற்றது மறுமுனையில் ஒற்றையாக நிற்கும். அது அடுத்த எத்திலீனைப் பிடிக்கும், அதன் முனை அதற்கடுத்ததை. ரயில் பெட்டி கோப்பதுபோல ஆயிரக்கணக்கில் நீளும். ஆனால் முதல் மோதலுக்கு ஆள் வேண்டுமே! அந்த ஆளைத் தந்தது துளி ஆக்சிஜன். அறவே இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, கூடிப்போனால் வெடிக்கும். 1933-இல் இது யாருக்கும் தெரியாது.

எனக்கு உறுத்துவது ஃபாசெட்தான். 1935 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபாரடே கழகக் கூட்டத்தில், எத்திலீனிலிருந்து திடமான பாலிமர் செய்திருக்கிறோம் என்று அவர் சொன்னார். பெரிய தலைகள் நிறைந்த சபை. யாரும் கண்டுகொள்ளவில்லை. நிறுவனம் பொத்திவைக்க வேண்டிய ரகசியத்தை அவர் போட்டுடைத்தார் என்றும் சொல்லலாம். நான் அவர் பக்கம்தான். கையால் தொட்டுப் பார்த்த பொருளை இல்லை என்று எப்படிச் சும்மா இருப்பது?

அதே டிசம்பரில் மைக்கேல் பெரின் குழுவினர் எத்திலீனை மட்டும் வைத்து மறுபடி முயன்றார்கள். அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. பாதிக்கு வினை காரணம், பாதிக்குச் சாதாரணக் கசிவு! ஈடுகட்ட மேலும் எத்திலீன் ஏற்றினார்கள். புதிதாகப் போன வாயுவோடு தேவையான அளவு ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டு போயிற்று. திறந்தபோது எட்டு கிராமுக்கு மேல் வெள்ளைத் தூள்.

தொழிற்சாலை உற்பத்தி 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. வந்த பாலித்தீன் பிரிட்டிஷ் விமானங்களின் ரேடார் கேபிள்களுக்கு உறையாகப் போயிற்று. பக்கெட்டும் குடமும் எல்லாம் சண்டை ஓய்ந்த பிறகு.