இரவிகுளத்துக்கு மாதம், ஹோர்ட்டனுக்கு மணி

கேரளத்தின் இரவிகுளமும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியும் பார்வைக்கு உடன்பிறந்தவை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி மேலே மேலே புல்வெளி விரிகிறது. நீர் இறங்கும் மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கின்றன. பாசி படிந்த கிளைகளில் மேகம் தங்கி நீராகச் சொட்டுகிறது. இரண்டு இடத்திலும் காட்டுப்பூவரசு சிவக்கப் பூக்கிறது. இரண்டையும் சூழ்ந்திருப்பது தேயிலை. அந்தத் தேயிலையை நட்டு வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து போன ஏழைக் குடும்பங்கள். ஹோர்ட்டன் சமவெளி இருக்கும் நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இன்றும் தமிழர்களே. இரவிகுளத்துக்கு அருகிலுள்ள மூணாறு கடைத்தெருவிலும் தமிழ் போதும்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், பயணத் திட்டம் போட உட்கார்ந்தால் இரண்டும் இரண்டு விதமான கேள்வி கேட்கின்றன. எந்த மாதம் வருகிறாய் என்கிறது இரவிகுளம். எத்தனை மணிக்கு வருகிறாய் என்கிறது ஹோர்ட்டன்.

இரவிகுளத்தில் மாதத்தைத் தீர்மானிப்பது வரையாடு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதம் சுமந்து, தை மாசியில் அது குட்டி ஈனுகிறது. அதற்காகவே பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பொதுவாக மூடிவிடுகிறார்கள். தேதி சில ஆண்டுகளில் முன்பின் நகரும் என்பதால் அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். விடுமுறை கிடைத்ததே என்று பிப்ரவரியில் மூணாறு போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கதவு மூடியிருப்பதில்தான் எனக்கு நிம்மதி. உலகில் வரையாடுகள் மிக அதிகமாக வாழும் இடம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காதான். தமிழ்நாட்டின் மாநில விலங்குக்கு இவ்வளவு பாதுகாப்பான தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் அமைந்திருக்கிறது.

அது அமைந்த கதையும் விசித்திரமானது. தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்காக ஒதுக்கி வைத்த நிலம் இது. சுடுவதற்கு விலங்கு வேண்டுமென்றால் அது பிழைத்திருக்கவும் வேண்டுமே! அதனால் அவர்களே சங்கம் அமைத்துக் காவல் போட்டார்கள். புல்வெளியைக் காக்க முதுவர் பழங்குடியினரின் உதவியைப் பெற்றார்கள். 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி, இந்தப் பகுதி அடங்கிய கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தை மீட்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா.

மாதம் சரியாக அமைந்துவிட்டால் இரவிகுளத்தில் மீதி எல்லாம் சுலபம். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக வந்தால் மூணாற்றுக்கு முன்பே அஞ்சாம் மைல் நுழைவாயில் வந்துவிடும். தேனிப் பக்கத்தார் போடிமெட்டு ஏறி மூணாறு வழியே வரலாம். இணையத்தில் முன்பதிவு செய்து வருவது நல்லது. சொந்த வண்டியைக் கீழே விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில்தான் பயணிகள் பகுதியான ராஜமலைக்கு ஏற வேண்டும். அங்கிருந்து சரிவில் போட்ட தார்ச்சாலையில் சிறிது தூரம் நடை. அவ்வளவுதான் நமக்கு அனுமதித்த இடம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை அண்ணாந்து பார்க்கலாம். பொதுப்பயணிகள் ஏற முடியாது.

‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று அந்தச் சாலையில் முணுமுணுப்பவர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறு. மனிதன் இந்தக் கோட்டைத் தாண்டமாட்டான் என்று வரையாடுகள் பல தலைமுறையாகப் பழகிவிட்டன. அதனால்தான் சாலையோரப் பாறையிலேயே அவை அசைபோட்டு நிற்கின்றன. மற்ற மலைகளில் தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரியும் விலங்கை இங்கே கண்ணோடு கண் பார்க்க முடிகிறது என்றால், அது நம்மைக் குறுக்கி வைத்ததால் கிடைத்த பரிசு.

ஹோர்ட்டன் சமவெளி இதற்கு முற்றிலும் வேறு. ஆண்டு முழுவதும் வரலாம், ஆனால் விடியும்போது வர வேண்டும். மக்கள் இங்கே தேடி வருவது ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பை. ஏறத்தாழ 870 மீட்டர் கீழே நிலம் விழுகிறது. வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடல்வரை பார்வை போகும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால், வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான் பார்த்து நிற்க வேண்டும். நுவரெலியாவில் தங்குபவர்கள் விடிவதற்கு வெகு முன்பே வண்டி ஏறுவது இதனால்தான். தூரம் 32 கிலோமீட்டர்தான் என்றாலும் மலைப்பாதை. ரயிலில் வருவோர் பட்டிப்பொலவிலோ ஓஹியவிலோ இறங்கலாம். ஆனால் காலை ரயிலை நம்பினால் பனி முந்திக்கொள்ளும். முதல் நாளே வந்து தங்குவதுதான் வழி. மழைக்காலத்தில் மண்சரிவால் மலையகப் பாதை தடைபடுவது உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நடை இங்கே நிஜ நடை. ஃபார் விடுதியிலிருந்து கிளம்பி, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் அருவி என்று சுற்றி மீள ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கல்லும் வேரும் சேறுமான பாதை, செருப்பு உதவாது. அதிகாலைக் குளிர் கடுமை. ஆண்டின் தொடக்க மாதங்களில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஒன்பது மணிக்கே வெயில் முகத்தைச் சுடும். ஆகவே கழற்றக்கூடிய கம்பளிச் சட்டை, தொப்பி இரண்டும் வேண்டும். இந்தியரும் அங்கே வெளிநாட்டவர் என்பதால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். கட்டணம் உள்ளூர்வாசிகளுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. அதன்மேல் வரியும் சேவைக் கட்டணமும் உண்டு. இரவிகுளத்தின் சில நூறு ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் திடுக்கிடுவார்கள்.

பாதையின் தொடக்கத்தில் வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் பையைத் திறந்து பார்த்து, பாலித்தீன் உறைகளை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள்; தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். சோற்றை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிப் போனால் வேலை மிச்சம். வாகன நிறுத்தத்துக்கருகில் கடமான் வந்து மூக்கை நீட்டும். இலங்கைத் தமிழர் அதை மரை என்பர். ரொட்டித் துண்டு கொடுக்கக் கை எழும். கொடுக்காதீர்கள். அந்த நெருக்கத்தை ராஜமலை வரையாட்டின் நெருக்கத்தோடு சேர்த்து எண்ணக்கூடாது. அங்கே அச்சம் தணிந்தது மனிதன் விலகி நின்றதால். இங்கே உணவு காட்டிப் பழக்கியதால்.

ஹோர்ட்டன் காடு பிழைத்ததற்கும் ஒரு பழைய முடிவு காரணம். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடுங்கள் என்று 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் பிரித்தானிய ஆட்சிக்கு ஆலோசனை சொன்னார். ஆட்சியும் அதை ஏற்றது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண் இந்த 3,160 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. 1969-இல் சரணாலயம், 1988-இல் தேசியப் பூங்கா. ஆனால் ஒருகாலத்தில் இங்கே திரிந்த யானைகளை வேட்டை துடைத்துவிட்டது.

இனி இரண்டில் எங்கே போவது? முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், சிறு பிள்ளைகள் என்றால் யோசிக்க வேண்டாம், இரவிகுளம். நான்கு மணிக்கு எழுந்து குளிரில் நடக்கத் தயங்காதவர்களுக்கு ஹோர்ட்டன். விலங்குக்கு முதலாவது, வெளிக்கு இரண்டாவது. இரவிகுளத்தில் குறிஞ்சி பூப்பதற்காகக் காத்திருப்பவர்கள் 2030-ஐக் குறித்து வைக்கலாம். 2018-இல் குறிஞ்சி பூத்த பருவத்திலேயே பெருவெள்ளமும் வந்து மூணாற்றுச் சாலைகளைத் துண்டித்தது. ஆகவே ஆகஸ்டைத் தவிர்த்துச் செப்டம்பர் கடைசியை வைத்துக்கொள்வது பத்திரம்.

பிப்ரவரி, மார்ச்சில்தான் விடுப்பு என்றால் வருந்த வேண்டாம். ராஜமலை மூடியிருக்கும் அதே மாதங்களில்தான் ஹோர்ட்டனில் மழை மிகக் குறைவு. அந்த ஆண்டு இலங்கைக்குப் போங்கள். வரையாட்டுக் குட்டிகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஏப்ரலில் ராஜமலை ஏறலாம்.